மீன் வாங்காதீங்க... முதல்ல தண்ணியை வளருங்க!

"சார், நம்ம ஆபீஸ் ரிசப்ஷன்ல ஒரு மீன் தொட்டி வெச்சா எப்படி இருக்கும்?"

இப்படித்தான் ஆரம்பித்தது விஷயம். சென்னை தியாகராய நகரில் எங்களுடையது ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ். மொத்தம் பதினோரு பேர். செப்டம்பர் மாதம் வந்துவிட்டால் போதும், ஃபைல்களோடு சேர்ந்து எல்லோருக்கும் ரத்த அழுத்தமும் ஏறும். எங்கள் கேஷியர் மாமா ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். "மீனைப் பார்த்துக்கிட்டே இருந்தா பிரஷர் குறையுமாமே, பேப்பர்ல படிச்சேன்" என்று ஆரம்பித்து வைத்தவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டி வந்து இறங்கியது. ஒரு அடி நீளம், முக்கால் அடிக்கும் குறைவான உயரம், பார்க்க அழகாக, மேஜை மேல் வைக்கிற மாதிரி. கூடவே பாலிதீன் பையில் பன்னிரண்டு மீன்கள்! ஆறு கோல்டு ஃபிஷ், நாலு மோலி, ரெண்டு ஏஞ்சல். "தண்ணி ஊத்துங்க, மருந்து ரெண்டு சொட்டு விடுங்க, மீனை விடுங்க... அவ்வளவுதான் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் கடைக்காரர்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் நாலு மீன் மல்லாந்து மிதக்கிறது. அடுத்த வியாழக்கிழமைக்குள் மீதி எட்டும் போய்ச் சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது. அதனால் ஆளுக்கு ஒரு காரணம். "தென்கிழக்கு மூலையில வெச்சது தப்பு" என்றார் ஒருவர். "ஆபீஸுக்கு வர இருந்த கெட்டதை மீன் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு, நல்லதுதான்" என்றார் இன்னொருவர். இந்த ஆறுதல் வார்த்தை நம் ஊரில் எத்தனை ஆயிரம் மீன்களின் சாவுக்கு மூடி போட்டிருக்கிறது, தெரியுமா? மீன் செத்தது திருஷ்டியால் இல்லை. விஷத்தால். அந்த விஷத்தைத் தயாரித்தது மீன்களேதான்!

தெளிந்த தண்ணீரில் என்ன விஷம்?

மீன் சாப்பிடுகிறது, கழிவை வெளியேற்றுகிறது. அந்தக் கழிவில் முக்கியமானது அம்மோனியா. நமக்குச் சிறுநீரகம் செய்கிற வேலையில் பெரும்பகுதியை மீனுக்கு செவுள்தான் செய்கிறது. மூச்சு விடும்போதே அம்மோனியா தண்ணீரில் கலந்துகொண்டிருக்கும். தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனியும் அம்மோனியாதான். ஆற்றிலும் குளத்திலும் இது ஒரு பொருட்டே இல்லை. 12 லிட்டர் தொட்டியில் பன்னிரண்டு மீன் என்றால்? பாத்ரூமுக்குள் ஒரு குடும்பத்தையே வைத்துப் பூட்டிய கதைதான். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கொஞ்சமாக இருக்கும்போது வாசனையும் தெரியாது. ஆனால் செவுளைப் புண்ணாக்கிவிடும். நம் போர்வெல் தண்ணீர் மாதிரி காரத்தன்மை கூடிய தண்ணீரிலும், வெயில் காலச் சூட்டிலும் அதன் விஷம் இன்னும் அதிகம்.

இயற்கையில் இதற்கு ஒரு துப்புரவுப் படை இருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக மாற்றும். நைட்ரேட் ஓரளவுக்குப் பரவாயில்லை, அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போய்விடும். ஆனால் நடுவில் வருகிற நைட்ரைட் பொல்லாதது. அது மீனின் ரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கிற சக்தியைக் கெடுத்துவிடும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து திணறும். நைட்ரேட் அதிகமுள்ள கிணற்றுத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளுக்கு உடம்பு நீலம் பாரித்துவிடும் என்று டாக்டர்கள் எச்சரிப்பார்களே... அதுவும் ஏறக்குறைய இதே சங்கதிதான்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இல்லை. தானாக வந்து, பெருகி, வேலையை ஒழுங்காக எடுத்துக்கொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன்னால் மீனை விட்டால், சமையல்காரர் வருவதற்கு முன்னாலேயே பந்தியில் ஆளை உட்கார வைத்த மாதிரி. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பல வீடுகளில் தொட்டி வாங்கிய மூன்றாவது மாதம் அது பரணுக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது முறை... ஆளுக்கு 250 ரூபாய்

"இன்னொரு சான்ஸ் தர்றேன். ஆனா ஆபீஸ் காசு கிடையாது, நீங்களே போட்டுக்குங்க" என்றுவிட்டார் ஆடிட்டர் சார். ஆளுக்கு 250 என்று 2,750 ரூபாய் சேர்ந்தது. கடைக்குப் போனோம். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் தெரிந்திருக்கும். வண்ண மீன் கடைகளும் மீன் வளர்ப்பவர்களும் வரிசையாக இருக்கிற பேட்டை அது.

முதல் பாடம், சின்னத் தொட்டி சிக்கனம் இல்லை. தண்ணீர் குறையக் குறைய விஷம் சீக்கிரம் ஏறும், சூடும் சட்டென்று மாறும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிரப்பினால் சுமார் 45 லிட்டர் பிடிக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுதான் சரியான அளவு. வளைந்த கண்ணாடி, கலர் பேக்கிங் எல்லாம் வேண்டாம். சாதாரணமாக சிலிகான் போட்டு ஒட்டிய கண்ணாடித் தொட்டி எங்களுக்கு 1,150 ரூபாய்க்குக் கிடைத்தது. விளக்கு வைத்த மூடி 500. ஸ்பான்ஜ் ஃபில்டர் 120. டியூபும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் 50. கூழாங்கல் 8 கிலோ 200. குளோரின் முறிக்கும் மருந்து 40. வலையும் தண்ணீர் உறிஞ்சும் ஹோஸும் சேர்த்து 80. தீனி 60. அம்மோனியா, நைட்ரைட் பார்க்கிற டெஸ்ட் கிட் 400. கடைசியாக மீன், ஆறுக்கு 120 ரூபாய். ஆக மொத்தம் 2,720. ஏர் பம்ப் முதல் தொட்டியோடு வாங்கியது இருந்தது. இல்லையென்றால் அதற்கு ஒரு 250 சேர்த்துக்கொள்ளுங்கள். விலை கடைக்குக் கடை மாறும், பேரம் பேசுகிற வாயைப் பொறுத்தும் மாறும். மீதி 30 ரூபாய் கேஷியர் மாமாவிடம் வவுச்சரோடு பத்திரமாக இருக்கிறது!

கவனித்தீர்களா, மீனுக்கு ஆனதுதான் ரொம்பக் குறைவு. டெஸ்ட் கிட்டுக்கு 400 ரூபாயா என்று எங்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாமல் ஜுரத்துக்கு வைத்தியம் பார்ப்போமா? காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல. பிளாஸ்டிக் கோட்டை, குமிழி விடும் பொம்மை... அங்கே பிடியுங்கள்.

எங்கே வைப்பது?

தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல். பிரின்ட்டர் வைக்கிற சக்கர மேஜை தாங்காது. எங்கள் ஆபீஸில் பழைய ஃபைல் அடுக்கிய இரும்பு ராக் ஒன்று இருந்தது, அதன் மேல் பலகை போட்டோம். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை கண்டிப்பாக வேண்டும். சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் கண்ணாடி விரிசல் விடாமல் அது காப்பாற்றும். கம்ப்யூட்டர் பெட்டியில் வந்த அட்டையையே வெட்டிக்கொண்டோம்.

ஜன்னல் வெயில் படக் கூடாது, பச்சைப் பாசி பிடித்துவிடும். ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடமும் ஆகாது. ஏ.சி. ஆபீஸ்களில் பகலில் 24 டிகிரி, ராத்திரி ஏ.சி.யை நிறுத்தினால் 30 டிகிரி என்று ஏறி இறங்கும். பெரிய தொட்டியில் தண்ணீர் மெதுவாகத்தான் மாறும் என்பதால் மீன் தாங்கிக்கொள்ளும். நம் ஊருக்கு ஹீட்டர் தேவையில்லை.

கரன்ட் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு தரம் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறும்படி விடுங்கள். வயர் வழியாக வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். கையை உள்ளே விடும்முன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கரன்ட் போகும்போது டியூப் வழியாகத் தண்ணீர் பின்னால் ஏறி பம்புக்குள் வந்துவிடும். நான்-ரிட்டர்ன் வால்வு எதற்கு என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று, ஆபீஸுக்கே உரிய ஆபத்து. ராத்திரி பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. எங்கள் முதல் தொட்டிக்கும் அதுதான் நடந்தது. வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலைவரை காற்றே இல்லை! மீன் மட்டுமல்ல, ஸ்பான்ஜில் இருக்கிற நல்ல பாக்டீரியாவும் பிராணவாயு இல்லாமல் சாகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஏர் பம்புக்கு மட்டும் மெயினில் அடங்காத தனி லைன் போட்டுக்கொண்டோம்.

ஒரு மாதம்... வெறும் தண்ணீர்!

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுக்கத் திறந்த வாளியில் வைத்தால் ஆவியாகிவிடும், அல்லது மருந்து போட்டு முறிக்கலாம். "ஆர்.ஓ. தண்ணி ஊத்தினா இன்னும் சுத்தமாச்சே" என்று அக்கவுன்ட்ஸ் அக்கா கேட்டார். ஆர்.ஓ.வில் உப்புச்சத்துக்கள் எல்லாம் போய்விடுகின்றன, அதனால் தனி ஆர்.ஓ. தண்ணீர் மீனுக்கு ஆகாது. கொஞ்சம் உப்புத் தண்ணீராக இருந்தாலும் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற மீன்களுக்கு அதுதான் பிடிக்கும்.

கல்லை நன்றாக அலசிப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓட விட்டோம். ரெண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை மீன் தீனி. மீனே இல்லாத தொட்டியில் தீனியா என்று வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தத் தீனி அழுகித்தான் அம்மோனியா வரும், அதைத் தின்னத்தான் பாக்டீரியா வளரும். இதற்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. அக்காவின் தம்பி வீட்டில் ரெண்டு வருஷமாக நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தது. அந்த ஃபில்டர் ஸ்பான்ஜைப் பிழிந்த அழுக்குத் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வந்து ஊற்றினோம். பாலுக்கு உறை மோர் ஊற்றுகிற மாதிரிதான்! மீன் நோய் இல்லாத தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

முதலில் அம்மோனியா ஏறியது. பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறியது. உறை ஊற்றியதால் எங்களுக்கு மூன்றாவது வாரக் கடைசியில் இரண்டுமே பூஜ்யம் காட்டின. அன்றைக்குப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, மறுநாள் மீன் வாங்கப் போனோம்.

அந்த மூன்று வாரமும் தொட்டி வீண் என்று நினைக்காதீர்கள். மணி பிளான்ட் தண்டு ஒன்றை வேர் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி ஓரத்தில் செருகியிருந்தோம். கேஷியர் மாமா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் எதிரில்தான் உட்காருவார். இங்கிலாந்தின் பிளிமத் நகரில் இருக்கும் பெரிய மீன் காட்சியகத்தில் ஒரு தொட்டியைப் புதுப்பித்து, படிப்படியாக மீன்களை விட்டபோது, பார்க்கிறவர்களின் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து 2015-ல் ஒரு ஆராய்ச்சி வெளியானது. மீன் விடாத தொட்டியைப் பார்த்தபோதே உடம்பு தணிந்திருக்கிறது. மீன்கள் கூடக் கூட ஆர்வமும் மனநிலையும் இன்னும் மேம்பட்டன. அதற்கு வெகு முன்னால், 1984-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், பல் பிடுங்கக் காத்திருந்த நோயாளிகளை மீன் தொட்டி முன் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பதற்றம் குறைவதில் அது ஹிப்னாடிஸத்துக்கு இணையாக இருந்ததாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாமாவும் நிறுத்தவில்லை.

எந்த மீன்?

முதல் தொட்டிக்கு என் ஓட்டு கப்பிக்குத்தான். தென் அமெரிக்காவின் வடகிழக்கும் டிரினிடாட் தீவும் அதன் பூர்வீகம். கொசுப் புழுவைத் தின்னும் என்பதால் நம் ஊர்க் கிணறு, சாக்கடைவரை வந்துவிட்ட மீன். ஆண் சின்னது, வால் விசிறி மாதிரி கலர் கலராக இருக்கும். பெண் பெரியது, சாம்பல் நிறம். குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் தொல்லை வேண்டாம் என்றால் ஆண்களாக மட்டும் வாங்குங்கள். முதலில் மூன்று, ரெண்டு வாரம் கழித்து மூன்று. மொத்தமாக விட்டால் பாக்டீரியாவால் சமாளிக்க முடியாது.

கோல்டு ஃபிஷ் வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் வளர்ந்தால் கைநீளம் வரும், கழிவும் ஏராளம். ரெண்டு அடித் தொட்டி அதற்குப் பத்தாது. "இதைப் போடுங்க சார், கண்ணாடியை நக்கியே கிளீன் பண்ணிடும்" என்று சக்கர் என்கிற டேங்க் கிளீனர் மீனைக் கடைக்காரர் நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும், அதுவும் கழிவு போடும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் பலர். இப்போது அது நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது.

வாங்கி வந்த பையைக் கட்டு அவிழ்க்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டோம். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டோம். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

பதினோரு பேர், ஒரு கை

வீட்டை விட ஆபீஸில் மீன் சீக்கிரம் சாவதற்குக் காரணம் அன்பு! காலையில் வருகிறவர் ஒரு சிட்டிகை போடுவார். டீ நேரத்தில் இன்னொருவர் பிஸ்கட் தூள். மதியம் கிளையன்டோடு வந்த குழந்தை மிக்சர். மீன் எப்போதும் பசிப்பது போலத்தான் நடிக்கும். அதன் வயிறு அதன் கண்ணளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளைக்கு ஒரு முறை. தீனி டப்பா ஒருவரிடம் மட்டும், பூட்டி. எங்களுக்கு அது அக்கவுன்ட்ஸ் அக்கா. அவர் லீவு போட்டால் மீனுக்கும் விரதம். சனி, ஞாயிறு பட்டினி கிடந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. பொங்கலுக்கு நாலு நாள் மூடினாலும் தாங்கும்.

வாரம் ஒரு நாள் கால்பங்கு, அதாவது ஒரு வாளித் தண்ணீர் மாற்ற வேண்டும். மொத்தத்தையும் கொட்டிக் கல்லை எல்லாம் தேய்த்துக் கழுவுகிற உற்சாகம் கூடவே கூடாது. கஷ்டப்பட்டு வளர்த்த பாக்டீரியா அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடும். ஸ்பான்ஜ் அழுக்கானால், தொட்டியிலிருந்து எடுத்த அந்த வாளித் தண்ணீரிலேயே நாலு பிழி பிழிந்து மாட்டுங்கள். குழாய்த் தண்ணீர் அதன் மேல் படவே கூடாது.

கொசு மருந்து ஸ்ப்ரே, ரூம் ஃபிரெஷ்னர் இரண்டும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. கொசு, கரப்பான் மருந்துகளில் பல, மனிதருக்குச் சிறிதளவில் ஒன்றும் செய்யாவிட்டாலும், மீனுக்குக் கொடிய விஷம். வருஷத்துக்கு ஒரு முறை பெஸ்ட் கன்ட்ரோல்காரர் வந்தால், பம்பை நிறுத்தி, தொட்டியைப் பாலிதீனால் இறுக மூடி, வேலை முடிந்து ஜன்னலைத் திறந்து காற்று மாறிய பிறகே பழையபடி ஓட விடுங்கள்.

கைக்கும் ஒரு எச்சரிக்கை. ஹோஸில் வாயை வைத்துத் தண்ணீர் உறிஞ்சாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். மீன் தொட்டிகளில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, காச நோய்க் கிருமியின் தூரத்து உறவு, காயம் வழியாகப் புகுந்து சில வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஆறாத கட்டியாக வரும். வழக்கமான மருந்துக்கு அடங்காது. அப்படி ஏதாவது வந்தால் டாக்டரிடம் "மீன் வளர்க்கிறேன்" என்று சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் மாதக்கணக்கில் வேறு எதற்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. தொட்டி வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையை உள்ளே விடும் முன்பு வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். சோப்பும் சானிடைசரும் மீனுக்கு ஆகாது.

ஆறும் ஆண்தான் என்று சத்தியம் செய்து கொடுத்தார் கடைக்காரர். ஒரு மாதம் கழித்து ஒரு காலை, மணி பிளான்ட் வேருக்குள் கண்ணும் வாலுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்... பதினேழு வரை எண்ணினோம்! பெரியவை விழுங்கிவிடாமல் இருக்க, பழைய ஒரு அடித் தொட்டியில் இதே தொட்டித் தண்ணீரை ஊற்றிக் குட்டிகளை மாற்றிவிட்டு, தீனியை விரலால் மாவாக்கித் தூவினோம். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுகிறோம். கிணற்றில் விடலாம், ஏரியில் விடலாம் என்ற யோசனைகளை எல்லாம் தள்ளிவிட்டாயிற்று. நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. குட்டி வேண்டும் என்கிறவர்கள் பெயர் எழுதலாம், ஆனால் வீட்டில் தொட்டி ஓட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும். இதுவரை நாலு பெயர். முதல் பெயர் ஆடிட்டர் சாருடையது.